இரண்டே கிளிக் தூரம்

முத்துக்கனி பதிவுக் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அருள்நதி மருத்துவமனையில் நான்கு தடவை கம்ப்யூட்டர் திரை மாறியது. நான்கு தடவையும் கேக் வெட்டினார்கள். நான்காவது கேக்கின் மேல் புதிய திரையின் படத்தையே க்ரீமில் வரைந்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று க்ரீம், மூலையில் ஒரே ஒரு சாம்பல் நிறப் பொத்தான். எங்கே கத்தியை வைப்பது என்று நிர்வாக அலுவலர் ஜான்ரோஸுக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

முதல் திரை வந்தது தொண்ணூற்றெட்டில். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் என்று ஒன்று கிடையாது. அதை எழுதிய ஆள் நாகர்கோவிலிலிருந்து குழித்துறைக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, முத்துக்கனியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், “நீங்க சீட்டு எழுதும்போ எது விட்டுப்போச்சுன்னா ஆள் செத்துப்போவும்?” என்று கேட்டார்.

“ஆகாத மருந்து,” என்றாள் முத்துக்கனி. “அதைத் தேடப்பிடாது. கண்ணில வந்து இடிக்கணும்.”

அவர் அதை இரண்டாவது வரியில் வைத்தார். பெரிய எழுத்து. யாருக்காவது ஏதாவது மருந்து ஆகாது என்றால் அந்த வரி விட்டு விட்டு மின்னும். முத்துக்கனிக்கு ஒரு நோயாளியைப் பதிய நாற்பது வினாடி ஆகும். திரையைப் பார்க்காமலே ஆர்மோனியம் வாசிப்பது போல் விசைகளைத் தட்டுவாள். கண் முழுக்க எதிரே நிற்கிற ஆளின் முகத்தில் இருக்கும்.

அந்த வரியில் ஏறியவர்களில் நேசையனும் ஒருவர். அருமனைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு. இளவட்டமாக இருந்தபோது எங்கேயோ இடுப்பு வலிக்கு டைக்ளோபெனாக் ஊசி போட்டு, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூச்சு முட்டி, ஜீப்பில் கொண்டுவந்து போட்டார்கள். பிழைத்தார். முத்துக்கனிதான் அந்த வரியை அடித்தாள். அதற்குப் பிறகு காய்ச்சலோ கட்டியோ எதற்கு வந்தாலும் கவுண்டரில் எட்டிப் பார்த்து, “அக்கா, எனக்க வரி மின்னுதா?” என்று கேட்பார்.

“மின்னுது.”

“அப்போ செரி,” என்று உள்ளே போவார்.

இரண்டாவது திரை இரண்டாயிரத்து ஏழில் வெளிநாட்டிலிருந்து வந்தது. சாம்பல் நிறம், பதினான்கு தாள்கள், அறுபத்தொரு கட்டங்கள். கட்டங்களில் பாதிக்கு மேல் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தது. நட்சத்திரக் கட்டத்தை நிரப்பாவிட்டால் திரை நகராது. தொழில் என்ற கட்டத்துக்கு ஒரு பட்டியல் இருந்தது. அதில் பால்வெட்டுகிறவர் இல்லை. மீன் விற்கிறவர் இல்லை. பனையேறி இல்லை. முத்துக்கனி கேட்டதற்கு, பட்டியலில் இருப்பதில் கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி எழுத்துமூலம் பதில் வந்தது. ஆகவே பால்வெட்டுகிறவர்கள் வன ஆய்வாளர் ஆனார்கள். மீன்காரிகள் கடல் ஆய்வாளர். பனையேறிகள் உயர்மாடிக் கட்டடங்களின் ஜன்னல் துடைப்பவர்கள்.

அந்த வருஷ அறிக்கையில் அறக்கட்டளைத் தலைவர் பெருமையோடு எழுதினார்: நமது மருத்துவமனையை நாடி வந்த கடல் ஆய்வாளர்கள் நாலாயிரத்து முந்நூறு பேர். அவர்களுக்காகத் தனி ஏசி அறை திறக்கப்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் வாங்கிப் போட்டார்கள். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு எந்தக் கடல் ஆய்வாளரும் அதற்குள் போகத் துணியவில்லை. இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்து, பிறகு துடைப்பம் வைக்கிற அறையானது.

மூன்றாவது திரையில் வண்ண வண்ணச் சதுரங்களும் வட்டங்களும் வந்தன. வட்டங்கள் மேல்மாடியில் ஜான்ரோஸின் அறையில் சுற்றும். கீழே வரிசை வாசல் வரை நீண்டது. நோயாளிகளின் திருப்தி தொண்ணூற்று நாலு சதம் என்று ஒரு வட்டம் காட்டியது. எதையும் அமுக்காமல் போகிறவர்கள் திருப்தியாகப் போகிறார்கள் என்பது கணக்கு.

இத்தனையிலும் அந்த ஒரு வரி தப்பியது. தானாகத் தப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் முத்துக்கனி மனு எழுதினாள், மாடியேறினாள், வாசலில் நின்றாள். இரண்டாவது திரையில் மின்னுவது போயிற்று, சிவப்பு நின்றது. மூன்றாவதில் அது ஒரு விரல் அகலப் பட்டையாகச் சுருங்கியது. ஆனால் இருந்தது.

நான்காவது திரையை வடிவமைக்க பெங்களூரிலிருந்து ரேஷ்மி வந்தாள். பூர்வீகம் இரணியல்தான். நல்ல பெண், எல்லாரிடமும் சிரித்துப் பேசினாள். ஊழியர்களைக் கூட்ட அரங்கில் உட்காரவைத்து ஆளுக்கொரு மஞ்சள் சீட்டுக் கட்டு கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, பயனரின் வலியை உணரச் சொன்னாள். முத்துக்கனி கண்ணை மூடினாள். கவுண்டரில் அறுபது பேர் நிற்கிறார்களே என்ற நினைப்புதான் வந்தது. அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டைச் சுவரில் ‘உணர்வுகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார்கள்.

பயனர் யார் என்பதையும் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆளுயரப் படம். கையில் காபிக் கோப்பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தாள். கீழே எழுதியிருந்தது: ‘லில்லி. வயது 34. பதிவு எழுத்தர். இசை கேட்பார். பதற்றம் பிடிக்காது.’

“இது யாரு பிள்ளே?” என்று முத்துக்கனி கேட்டாள்.

“லில்லி. நம்ம யூசர், ஆன்ட்டி. இவங்களுக்காகத்தான் எல்லாம் டிசைன் பண்றோம்.”

“எந்த கவுண்டர்ல இருக்கா?”

“இல்ல ஆன்ட்டி, கற்பனை. உங்க எல்லாரையும் சேத்துப் பண்ண ஒரு ஆள்.”

புதிய திரையைப் பெரிய சுவரில் போட்டுக் காட்டினார்கள். வெள்ளை. நடுவில் மெல்லிய சாம்பலில் நோயாளியின் பெயர். முத்துக்கனிக்கு ஐம்பது வயது, வெள்ளெழுத்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள்.

“எழுத்து கண்ணுக்குத் தெரியல்லியே.”

“லில்லிக்கு முப்பத்தி நாலு ஆன்ட்டி,” என்றாள் ரேஷ்மி, ஆறுதலாக.

“சிவப்புப் பட்டை எங்க?”

ரேஷ்மி திரையின் வலது மேல் மூலையைக் காட்டினாள். அங்கே மூன்று புள்ளிகள் இருந்தன. அதை அமுக்கினால் ஒரு பட்டியல் விரியும். அதில் ‘மேலும் விவரங்கள்’ என்பதை அமுக்கினால், ரத்த வகை, மதம், காப்பீடு, அதற்குக் கீழே ஆகாத மருந்து.

“மோளே, அது முன்னால வேணும்.”

“சிவப்பு பதற்றம் தரும் ஆன்ட்டி. அதோட, நாங்க சும்மா எடுக்கல்ல. ஒரு வருஷ டேட்டா பாத்தோம். அந்தப் பட்டையை எத்தனை பேர் கிளிக் பண்ணியிருக்காங்க தெரியுமா? ஜீரோ. ஒருத்தர் கூட இல்ல.”

“அதை அமுக்க மாட்டோம் பிள்ளே. பாப்போம்.”

“பாக்கறதை நாங்க அளக்க முடியாதுல்ல,” என்றாள் ரேஷ்மி.

ஜான்ரோஸ் எழுந்தார். “முத்துக்கனி அம்மாவின் அனுபவத்தை நாம் மதிக்கிறோம். அனுபவம் வேறு, பயனர் அனுபவம் வேறு. முன்பெல்லாம் திரை மனிதர்களுக்கு வேலை செய்தது. இன்றைக்குத் திரையே பேசுகிறது. எதைச் சொல்ல வேண்டும் என்பதல்ல, எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதில்தான் நம் மருத்துவமனையின் தரம் இருக்கிறது.”

கேக் வெட்டப்பட்டது அதற்குப் பிறகுதான்.

முத்துக்கனி மறுபடி மனு எழுதினாள். மனுக்கள் இனி திரையில்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். திரையில் கொடுத்தாள். ‘உங்கள் யோசனைக்கு நன்றி’ என்று ஒரு சிரித்த முகம் வந்தது. மூன்று தடவை கொடுத்தாள், மூன்று தடவையும் சிரித்தது.

நாலாவது நாள் டிரெஸ்ஸிங் அறையிலிருந்து ஒரு சுருள் பிளாஸ்திரி வாங்கி வந்து கவுண்டரில் வைத்துக்கொண்டாள். ஆகாத மருந்து உள்ளவர்கள் வந்தால் மூன்று புள்ளியை அமுக்கிப் பார்த்து, ஒரு துண்டு பிளாஸ்திரியில் சிவப்புப் பேனாவால் மருந்தின் பெயரை எழுதி, சட்டைக் கையிலோ சேலைத் தலைப்பிலோ ஒட்டி அனுப்பினாள். அதனால் முதல் திரையில் நாற்பது வினாடியில் முடிந்த பதிவுக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. நர்ஸுகளுக்குப் பிடித்திருந்தது. அஞ்சுகிராமத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த பெமிலா, “அக்கா, அந்தத் திரையில நான் ஒண்ணையும் கண்டுபிடிச்சதில்ல. உங்களுக்க பிளாஸ்திரியைத்தான் பாக்கியேன்,” என்றாள்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு மெமோ வந்தது. காகிதமில்லா மருத்துவமனை என்ற விருதுக்கு நாம் தேர்வாகியிருக்கும் வேளையில், நோயாளிகளின் உடையில் கையெழுத்துப் பிரதிகள் ஒட்டப்படுவது விருதின் நோக்கத்துக்கு எதிரானது. மேலும் பிளாஸ்திரி காயங்களுக்கானது.

விருது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை முத்துக்கனியின் மேசையிலிருந்து பிளாஸ்திரியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு அவளையும் கூப்பிட்டார்கள். மூத்த பயனர் என்று அவளுக்குச் சால்வை போடப்போகிறார்களாம். கவுண்டரில் லேப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு மேடைக்குப் போனாள்.

பத்தரை மணிக்கு நேசையன் வந்தார். பால்வெட்டும் கத்தி காலில் இறங்கி மூன்று நாளாகியிருந்தது. முழங்கால் வரை வீக்கம், நடக்க முடியாத வலி. மனைவி அன்னக்கிளி தாங்கிப் பிடித்திருந்தாள். கவுண்டரில் எட்டிப் பார்த்து, “அக்கா இல்லியா?” என்று கேட்டார். கூட்டத்தில் இருக்கிறாள் என்றார்கள். திரையில் வரி இல்லாததைப் பார்த்தாரா தெரியாது. வலியில் இருந்தார்.

அவசரப் பிரிவில் டாக்டர் வெள்ளைத் திரையைப் பார்த்து, காயத்துக்கு மருந்தும் வலிக்கு ஊசியும் எழுதினார். ஊசியோடு வந்த பெமிலா கேட்டாள், “ஏதும் மருந்து ஆகாதா அண்ணே?”

“எனக்கு ஆகாதது எல்லாம் உங்களுக்க கம்ப்யூட்டர்ல கெடக்கும்மா,” என்றார் நேசையன். “ஊசிக்கப் பேரு எனக்கு வாயில வராது. நல்லா பாத்துப் போடு.”

பெமிலா நல்லாப் பார்த்தாள். பெயர், வயது, பாதி திரை வெள்ளை. “ஒண்ணும் இல்லண்ணே,” என்றாள்.

அரங்கில் அப்போது ஜான்ரோஸ் பேசிக்கொண்டிருந்தார். “ஒரு நோயாளி உள்ளே வருகிறார். அவரைப் பற்றி நாம் அறிய வேண்டியது அனைத்தும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது அவரையோ நம்மையோ தொந்தரவு செய்வதில்லை. இதைத்தான் உலகம் எளிமை என்கிறது.”

முத்துக்கனியின் தோளில் சால்வை விழுந்த நேரத்தில் ஒரு வார்டுபாய் ஓடிவந்து டாக்டர்களைக் கூப்பிட்டான். அவள் சால்வையோடு ஓடினாள். அவசரப் பிரிவில் நேசையனின் முகம் மறுபடி பூசணிக்காய் மாதிரி இருந்தது. இந்தத் தடவை ஜீப்பில் எங்கேயும் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குள்ளேதான் இருந்தார். அரை மணி நேரம் போராடினார்கள். முடியவில்லை.

அன்னக்கிளி அழவில்லை. முத்துக்கனியைப் பார்த்து, “உனக்குத் தெரியும்லா?” என்றாள். “உனக்குத் தெரியும்லா பிள்ளே?”

“தெரியும் மைனி.”

உடலை விடுவிக்கும் பதிவையும் முத்துக்கனிதான் செய்ய வேண்டியிருந்தது. கடைசித் திரையில் ஐந்து முகங்கள் வந்தன, அழுகை முகத்திலிருந்து சிரிப்பு முகம் வரை. எங்கள் சேவை எப்படி இருந்தது? உறவினர் ஒன்றைத் தொட்டால்தான் திரை நகரும். அழுகிற முகத்தைத் தொட்டால் பதினெட்டுக் கேள்விகள் விரியும். வெளியே ஆம்புலன்ஸ் காத்து நின்றது. முத்துக்கனி அன்னக்கிளியைக் கூப்பிடவில்லை. தானே சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். மாடியில் திருப்தி வட்டம் ஒரு நூல் அளவு கூடியிருக்கும்.

விசாரணைக் குழு மூன்று நாள் உட்கார்ந்தது. ஜான்ரோஸ் தலைவர். ரேஷ்மி காணொளியில் வந்தாள், முகம் வாடியிருந்தது. பதிவுகளை எடுத்துப் பார்த்ததில் எல்லாம் துல்லியமாக இருந்தது. பத்து நாற்பத்தாறுக்கு நர்ஸ் திரையைத் திறந்திருக்கிறார். மூன்று புள்ளிகளை அமுக்கவில்லை.

“தகவல் இருந்ததா இல்லையா?” என்று கேட்டார் ஜான்ரோஸ்.

“இருந்தது,” என்றாள் பெமிலா. “தெரியல்ல.”

“இருந்தது. இரண்டே கிளிக் தூரத்தில் இருந்தது. நோயாளி பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறார். உங்களால் இரண்டு கிளிக் தாண்ட முடியவில்லை.”

ஊழியர் பயிற்சிக் காணொளியை அவள் கடைசி வரை பார்த்ததற்கான சான்றிதழும் இருந்தது. பார்த்திருக்காவிட்டால் மருத்துவமனையின் குறையாகியிருக்கும். பார்த்துவிட்டதால் பெமிலாவின் குறையாயிற்று. அன்று மாலையே அவளை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவள் முத்துக்கனியிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

மறுநாள் காலை முத்துக்கனி கம்ப்யூட்டரைத் திறந்தபோது திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது. ‘தேவையான தகவல் திரையில் கிடைக்கும்படி இருந்தது என்பதை மூத்த பயனராகிய நான் உறுதி செய்கிறேன்.’ அதன் கீழே இரண்டு பொத்தான்கள். பெரிய நீலப் பொத்தான்: ஒப்புக்கொள்கிறேன். சின்ன சாம்பல் பொத்தான்: பிறகு ஒப்புக்கொள்கிறேன்.

அவள் மாடியேறினாள்.

“சார், ஒப்புக்கொள்ளல்லன்னு சொல்லதுக்கு எங்க அமுக்கணும்?”

ஜான்ரோஸ் பொறுமையாக விளக்கினார். “நீங்கள் கேட்பது நியாயம். இதையும் ஆய்வு செய்துதான் முடிவெடுத்தோம். இதுவரை நம் படிவங்கள் எதிலும் ‘மறுக்கிறேன்’ என்பதை ஒருவரும் அமுக்கியதில்லை.”

“எந்தப் படிவத்தில அது இருந்துச்சு?”

“எதிலும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அப்படி ஒரு தேவை எழவில்லை. அந்த வக்கீலுக்கு வேறு பதில் அனுப்ப வேண்டியிருக்கிறது. சீக்கிரம் முடித்துவிடுங்கள்.”

அன்னக்கிளியின் தம்பி குழித்துறையில் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறான் என்பது முத்துக்கனிக்கு அப்போதுதான் தெரிந்தது.

கீழே வரிசை நின்றது. காய்ச்சலில் துவண்ட ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக ஒருத்தி நின்றாள். கட்டம் விலகாமல் பதிய முடியாது. முத்துக்கனி சாம்பல் பொத்தானை அமுக்கினாள். கட்டம் போயிற்று. குழந்தையைப் பதிந்தாள். அடுத்த நோயாளிக்குக் கட்டம் மறுபடி வந்தது. மறுபடி சாம்பல். அப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு ‘பிறகு’ என்று சாயங்காலம் வரை அமுக்கினாள். ஆள்காட்டி விரல் மரத்துப்போயிற்று. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பதினொரு மணிக்குத் திரை முழுக்க வண்ணக் காகிதத் துணுக்குகள் மழையாகக் கொட்டின. ‘வாழ்த்துகள் முத்துக்கனி! நீங்கள் முந்நூறு முறை தள்ளிவைத்ததால், உங்கள் சிரமத்தைக் குறைக்க உங்கள் ஒப்புதலை நாங்களே பதிவு செய்துவிட்டோம்.’

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “என்னம்மா, பிறந்த நாளா?” என்று கேட்டார்.

அவள் அவரிடம் பேரைக் கேட்டாள். வரிசை தீரும் வரை பதிந்தாள். நாற்பத்திரண்டு பேர். சாப்பாட்டு நேரத்தில் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கினாள். வேம்பின் அடியில் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து எழுதினாள். வரி எப்போது வந்தது, யார் எடுத்தது, தான் என்ன சொன்னாள், அவர்கள் என்ன சொன்னார்கள், பிளாஸ்திரியை எப்போது பிடுங்கினார்கள். ரேஷ்மி சொன்ன ஜீரோவையும் எழுதினாள். சிரிக்கிற முகத்தைத் தொட்டது தான்தான் என்பதையும் எழுதினாள். அதை எழுதும்போது கை நின்று நின்று போயிற்று. கடைசியில் பேர், விலாசம், போன் நம்பர். அதையே இன்னொரு தடவை எழுதி, அஞ்சுகிராமத்துக்குப் பெமிலா பேருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். மற்றதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அருமனை பஸ் ஏறினாள். மத்தியானம் கவுண்டருக்குத் திரும்பவில்லை.

அன்னக்கிளி வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகள் காய்ந்தன. அவள் வாசற்படியில் உட்கார்ந்து காகிதத்தை வாங்கினாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். சில இடங்களில் விரலை வைத்து மறுபடி படித்தாள். முகங்கள் பற்றிய வரி வந்தபோது தலையைத் தூக்கி முத்துக்கனியைப் பார்த்தாள். பிறகு குனிந்து மிச்சத்தையும் படித்து முடித்தாள்.

“இதை வக்கீலுக்கக் கையில கொடுத்தா உனக்க வேலை போவும்லா?”

“போவும் மைனி.”

“வீட்டில உண்டா, சம்பாதிக்க ஆளு?”

முத்துக்கனி பையின் வாயை இழுத்து மூடினாள். அன்னக்கிளி காகிதத்தை நாலாக மடித்து, நேசையனின் ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் கிடந்த தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள்.

“மத்தியானம் ஏதும் தின்னியா?”

“இல்ல,” என்றாள் முத்துக்கனி.